இரசாயனச் சமன்பாட்டைச் சமப்படுத்திய பின் அது சரியென்று எப்படி உறுதிசெய்வது? குரல்வாசிப்பில் கேட்டுப் படிக்கும் பிள்ளைக்காக

நிலாவெளி வாசகி கேட்டது:

வணக்கம். அக்காவின் மகள் சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரத்துக்கு ஆயத்தமாகிறாள். பார்வை மிகக் குறைவு. கைப்பேசியின் குரல்வாசிப்பில் கேட்டுத்தான் படிக்கிறாள். தமிழை அது ஒழுங்காக வாசிக்கிறது. மூலகக் குறியீடுகள் வந்தால் ஒன்றில் விட்டுவிட்டுப் போகிறது, இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் பெரிய எண்ணையும் கீழே நிற்கும் சிறிய எண்ணையும் ஒரே மாதிரி வாசித்து அவளைக் குழப்புகிறது. அடைப்புக்குறியை அது சொல்வதேயில்லை. ஆகவே குறியீடு போடாமல், பெயரையும் எண்ணையும் தமிழிலேயே எழுதித் தாருங்கள்.

வலுவளவு, சூத்திரம் எழுதுவது அவளுக்குத் தெரியும். மக்னீசியம் எரிவது போன்ற சின்னச் சமன்பாடுகளைச் சமப்படுத்துவாள். மாட்டுப்படுவது மூன்றில். பியூற்றேன் எரியும்போது ஒட்சிசன் ஒற்றை எண்ணில் வந்து நிற்கிறது. அலுமினியம் ஐதரொட்சைட்டும் சல்பூரிக்கமிலமும் எவ்வளவு பெருக்கிப் பார்த்தும் சமப்படவில்லை. விளைவை அலுமினியம் ஒன்று, சல்பேற்று ஒன்று என்று எடுத்திருக்கிறாள். மூன்றாவது, செம்பும் ஐதான நைத்திரிக்கமிலமும்.

இவற்றைவிட முக்கியமான கேள்வி: விடை பார்க்காமலே, தான் செய்தது சரி என்று அவள் எப்படி அறிந்துகொள்வது?


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

முதலில் ஒரு வாசிப்பு ஒழுங்கை வைத்துக்கொள்வோம். பொருளின் பெயருக்கு முன்னால் வரும் எண், அந்தப் பொருள் எத்தனை என்பது. மூலகத்தின் பெயருக்குப் பின்னால் வரும் எண், ஒரு மூலக்கூறுக்குள் அந்த அணு எத்தனை என்பது. "3 நீர்" என்றால் மூன்று நீர் மூலக்கூறுகள். "ஐதரசன் 2, ஒட்சிசன் 1" என்றால் ஒரு நீர் மூலக்கூறின் உள்ளடக்கம். அடைப்புக்குறிக்குப் பதிலாகக் "கூட்டம்" என்று சொல்லலாம். சக என்றால் கூட்டற்குறி, சய என்றால் கழித்தற்குறி. அலுமினியம் ஐதரொட்சைட்டு என்பது அலுமினியம் 1, ஐதரொட்சைட்டுக் கூட்டம் 3.

சமப்படுத்தும்போது முன்னால் வரும் எண்ணை மட்டுமே மாற்றலாம். பின்னால் வரும் எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும். ஐதரசன் 2, ஒட்சிசன் 1 நீர். ஒட்சிசன் ஒன்று குறைகிறதே என்று பின்னால் உள்ள எண்ணை 2 ஆக்கினால் அது ஐதரசன் பரவொட்சைட்டு. கணக்குச் சமப்பட்டாலும் தாக்கம் வேறு.

அலுமினியத்தில் அவள் மாட்டுப்பட்டதற்குச் சமப்படுத்தத் தெரியாதது காரணமில்லை. சூத்திரம் பிழை. அலுமினிய அயனின் ஏற்றம் சக 3, சல்பேற்று அயனின் ஏற்றம் சய 2. இரண்டுக்கும் பொது மடங்குகளுட் சிறியது 6. ஆகவே அலுமினியம் 2, சல்பேற்றுக் கூட்டம் 3. அவள் எழுதியபடி அலுமினியம் 1, சல்பேற்று 1 என்று வைத்தால் ஏன் ஒருகாலும் சமப்படாது என்பதைச் செய்து காட்டலாம். ஐதரொட்சைட்டு 1 எடுத்தால் அமிலமும் 1 எடுக்க வேண்டும், சல்பேற்று சமப்பட. அப்போது இடப்பக்கம் ஐதரசன் 3 சக 2, மொத்தம் 5. சல்பேற்றுக்கு வெளியே ஒட்சிசன் 3, ஆகவே நீர் 3, அதற்கு வேண்டிய ஐதரசன் 6. ஐந்தும் ஆறும் ஒன்றாகா. எதால் பெருக்கினாலும் 10க்கு 12, 15க்கு 18 என்றுதான் போகும். இரண்டு மூன்று தடவை முயன்றும் சமப்படாவிட்டால் குணகத்தோடு, அதாவது முன்னால் வரும் எண்ணோடு, மினக்கெடாமல் சூத்திரத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

சரியான சூத்திரத்தோடு:
அலுமினியம் ஐதரொட்சைட்டு சக சல்பூரிக்கமிலம் தருவது அலுமினியம் சல்பேற்று சக நீர்.
வலப்பக்கம் அலுமினியம் 2. ஆகவே இடப்பக்கம் 2 அலுமினியம் ஐதரொட்சைட்டு.
வலப்பக்கம் சல்பேற்று 3. ஆகவே 3 சல்பூரிக்கமிலம்.
இப்போது இடப்பக்கம் ஐதரசன்: ஐதரொட்சைட்டிலிருந்து 6, அமிலத்திலிருந்து 6, மொத்தம் 12. ஆகவே 6 நீர்.
ஒட்சிசனை இதுவரை தொடவில்லை. அதைத்தான் சரிபார்க்க வைத்திருக்கிறோம். இடப்பக்கம் 6 சக 12, மொத்தம் 18. வலப்பக்கம் சல்பேற்றுகளில் 12, நீரில் 6, மொத்தம் 18. சரி.
குணகங்கள் வரிசையாக 2, 3, 1, 6.

இந்த இடத்தில் கவனிக்க ஒன்று உண்டு. சல்பேற்று இரு பக்கமும் உடையாமல் இருப்பதால் அதை ஒரே பொருளாக எண்ணினோம். எண்ணும் வேலை குறைந்தது. ஆனால் சரிபார்க்கும்போது கூட்டத்தை உடைத்து ஒவ்வோர் அணுவாக எண்ண வேண்டும். கூட்டமாகவே எண்ணி முடித்தால், "கூட்டம் 3" என்பதில் உள்ள மூன்றால் ஒட்சிசனைப் பெருக்க மறந்தது வெளியே வராது.

அடுத்து பியூற்றேன்: காபன் 4, ஐதரசன் 10. நம் வீட்டுச் சிலிண்டரில் வருவது பெரும்பாலும் இதுவும் புரொப்பேனும்தான். ஒட்சிசனோடு எரிந்து காபனீரொட்சைட்டும் நீரும் தரும்.
1 பியூற்றேன் என்று தொடங்குங்கள். காபன் 4, ஆகவே 4 காபனீரொட்சைட்டு. ஐதரசன் 10, ஆகவே 5 நீர். வலப்பக்க ஒட்சிசன் 8 சக 5, மொத்தம் 13. இடப்பக்கம் ஒட்சிசன் இரண்டு இரண்டாகத்தான் வரும், ஆகவே ஆறரை மூலக்கூறு. அரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் முடிந்தது: 2 பியூற்றேன் சக 13 ஒட்சிசன் தருவது 8 காபனீரொட்சைட்டு சக 10 நீர். பலர் இங்கே ஒட்சிசனை மட்டும் இரட்டித்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். பெருக்கினால் நான்கையும் பெருக்க வேண்டும்.

உயர்தரத்தில் தகன வெப்பவுள்ளுறை படிக்கும்போது 1 மூல் பியூற்றேனுக்கு எழுதச் சொல்வார்கள். அங்கே ஆறரையை அப்படியே விடலாம், விட வேண்டும்.

விடை பார்க்காமல் சரிபார்க்க, அணுக்களை எண்ணிய பிறகு திணிவையும் பாருங்கள். காபன் 12, ஐதரசன் 1, ஒட்சிசன் 16. பியூற்றேன் ஒன்று 58, இரண்டு 116. ஒட்சிசன் மூலக்கூறு 32, பதின்மூன்று 416. கூட்டினால் 532. வலப்பக்கம் காபனீரொட்சைட்டு 44, எட்டு 352. நீர் 18, பத்து 180. கூட்டினால் 532. அணுக்களை எண்ணும்போது ஒரே பிழையை இரு பக்கமும் விடலாம். திணிவு வேறு வழியால் போவதால் அந்தப் பிழை மாட்டும். 18ஆம் நூற்றாண்டில் இலவோசியே தராசில் நிறுத்துக் காட்டிய திணிவுக் காப்பு விதியும் இதுதான்.


மூதூர் மாணவன் எழுதியது:

இவ்வளவு தேவையில்லை. உலோகம் முதலில், பிறகு அல்லுலோகம், பிறகு ஐதரசன், கடைசியில் ஒட்சிசன். இந்த ஒழுங்கில் போனால் எல்லாம் வரும்.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

பெரும்பாலும் வரும் தம்பி. ஆனால் ஏன் வருகிறது என்று தெரியாவிட்டால், வராத இடத்தில் நிற்க வேண்டி வரும். செஞ்சூடான இரும்பின் மேல் கொதிநீராவி போகும் தாக்கத்தைப் பாருங்கள். விளைவுகள் இரும்பு 3, ஒட்சிசன் 4 உள்ள ஒட்சைட்டும் ஐதரசன் வாயுவும். இங்கே ஐதரசனைப் பிடித்துத் தொடங்கினால் நீருக்கும் ஐதரசன் வாயுவுக்கும் ஒரே எண் வரும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவராது. ஒட்சிசன்தான் அந்த எண்ணைச் சொல்லும்.

உண்மையான ஒழுங்கு இதுதான்: இரு பக்கமும் ஒரேயொரு பொருளில் மட்டும் வரும் மூலகத்தில் தொடங்குங்கள். பல பொருள்களில் சிதறிக் கிடப்பதைப் பிற்போடுங்கள். சேர்வையில் சேராமல் தனி மூலகமாக நிற்பதைக் கடைசிக்கு விடுங்கள். ஏனென்றால் அதன் குணகத்தை மாற்றினால் வேறெந்த அணுவின் கணக்கும் குழம்பாது. பியூற்றேனில் ஒட்சிசன் கடைசிக்கு வந்தது அது தனியே நின்றதால். நீராவித் தாக்கத்தில் தனியே நிற்பது ஐதரசன். அதுதான் அங்கே கடைசி.

இன்னொன்று. தனியே நிற்கும்போது இரண்டு இரண்டாக இருப்பவை ஏழு: ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், புளோரின், குளோரின், புரோமின், அயடீன். இதை மறந்து குளோரினை ஒற்றை அணுவாக எழுதினாலும் சமன்பாடு சமப்பட்டுவிடும், அதுதான் ஆபத்து.


கிண்ணியாப் பாலம் எழுதியது:

பார்வை குறைந்த பிள்ளைக்குக் கையால் தொட்டுச் செய்ய ஒரு முறை சொல்கிறேன். சிறிய சமன்பாடுகளுக்கு இது போதும், பெரியதுக்கு விளக்கம் பிடிபட்டபின் தேவைப்படாது.

முப்பது முட்டை வைக்கும் கடதாசித் தட்டை எடுங்கள். ஒரு பக்கம் ஆறு குழி, மறுபக்கம் ஐந்து. ஆறு குழி உள்ள வரிசைகளில் மூன்றை வெட்டியெடுங்கள். நடு வரிசைக் குழிகளைப் பழைய பத்திரிகையால் அடைத்து மேலே ஒட்டுநாடா ஒட்டுங்கள். அதுதான் அம்புக்குறி, விரலுக்குத் தட்டுப்படும். மேல் வரிசை தாக்கிகள், கீழ் வரிசை விளைவுகள். ஒவ்வொரு நிரலும் ஒரு மூலகம்: முதலாவது காபன், இரண்டாவது ஐதரசன், மூன்றாவது ஒட்சிசன் என்று. ஆறு மூலகம் வரை இடம் உண்டு.

அணுவுக்குப் பொருள்: காபனுக்குப் புளியங்கொட்டை, ஐதரசனுக்குக் கௌபி, ஒட்சிசனுக்குக் கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சோகி. பயறு வேண்டாம், விரலில் எண்ண முடியாமல் உருளும்.

இப்போது முக்கியமான பகுதி. அணுக்களைத் தனித்தனியே கொடுக்காதீர்கள். மூலக்கூறுகளாகச் சிறு பைகளில் கட்டிக் கொடுங்கள். ஒரு பியூற்றேன் பையில் 4 கொட்டையும் 10 கௌபியும். ஒட்சிசன் பையில் 2 சோகி. காபனீரொட்சைட்டுப் பையில் 1 கொட்டை, 2 சோகி. நீர்ப் பையில் 2 கௌபி, 1 சோகி. சட்டம் ஒன்றே ஒன்று: பையை முழுதாகத்தான் எடுத்து அவிழ்க்கலாம், உள்ளே கைவிட்டு ஒன்றை மட்டும் எடுக்கக் கூடாது. ஒட்சிசன் ஒன்று போதாது என்றால் ஒரு பை முழுதும்தான் வரும், இரண்டு சோகியாக. பின்னால் வரும் எண்ணைத் தொடக் கூடாது என்று ரீச்சர் சொன்னதை இந்தப் பை தானாகவே காவல் காக்கும். அவிழ்த்த பைகளை ஒரு பக்கமாக அடுக்கி வையுங்கள். கடைசியில் அவற்றை எண்ணினால் அதுவே குணகம்.

சரிபார்க்க எண்ணவே வேண்டாம். ஒரு நிரலில் மேல் குழிக்குள் ஒரு கையும் கீழ்க் குழிக்குள் மறு கையும் வைத்து, இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடட்டும். இரண்டு குழியும் ஒன்றாகக் காலியானால் சமம். ஒன்று காலியாகி மற்றதில் மிச்சம் இருந்தால், மிஞ்சிய எண்ணிக்கைதான் போதாத எண்ணிக்கை.

பியூற்றேனில் ஒரு பையோடு தொடங்கினால் கீழே சோகி 13 சேரும். மேலே எத்தனை பை அவிழ்த்தாலும் 12 அல்லது 14. கடைசிச் சோகி சோடி இல்லாமல் விரலில் தட்டுப்படும். ஏன் இரட்டிக்க வேண்டும் என்பது அந்த இடத்தில் விளங்கும். இரட்டித்தால் சோகி 26 வரும், குழி கொள்ளாது. அந்த நிரலுக்கு மட்டும் இரண்டு சிரட்டை வைத்துக்கொள்ளுங்கள்.


நிலாவெளி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தட்டு வெட்டியாயிற்று. பியூற்றேன் 2, 13, 8, 10 என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அலுமினியமும் வந்துவிட்டது.

செம்பு இன்னும் வரவில்லை. நைத்திரேற்றை ஒரு கூட்டமாக வைத்துத் தொடங்கினாள். செம்பு நைத்திரேற்றில் கூட்டம் 2, ஆகவே 2 நைத்திரிக்கமிலம் போட்டாள். நைத்திரிக்கொட்சைட்டுக்கு நைதரசன் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாள்.

இன்னொரு கேள்வியும் அவளுடையது: அணுக்கள் சமப்பட்டுவிட்டால் சமன்பாடு கட்டாயம் சரிதானா?


அளவி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. அணுக்கள் சமப்படாவிட்டால் சமன்பாடு பிழை என்பது நிச்சயம். சமப்பட்டால் சரி என்பது நிச்சயமில்லை. எளிய உதாரணம், மக்னீசியமும் ஐதரோகுளோரிக்கமிலமும். மக்னீசியம் குளோரைட்டை மக்னீசியம் 1, குளோரின் 1 என்று பிழையாக எழுதினால் 2 மக்னீசியம் சக 2 அமிலம் தருவது 2 குளோரைட்டு சக 1 ஐதரசன் என்று அழகாகச் சமப்படும். திணிவும் சரியாக வரும். ஆனால் அப்படியொரு குளோரைட்டு அந்தத் தாக்கத்தில் உண்டாவதில்லை. மக்னீசியத்தின் வலுவளவு 2 என்பதை எந்தக் கூட்டல் கணக்கும் சொல்லித் தராது.

அயன் சமன்பாடுகளில் ஏற்றத்தையும் ஒரு மூலகம் போல எண்ண வேண்டும். சக 3 ஏற்றமுள்ள இரும்பயனும் செம்பும் தாக்கி, சக 2 ஏற்றமுள்ள இரும்பயனும் சக 2 ஏற்றமுள்ள செம்பயனும் தரும். ஒவ்வொன்று வைத்தாலே அணுக்கள் சமம். ஆனால் ஏற்றம் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 4. இரும்பயனை இரு பக்கமும் 2 ஆக்கினால் இடப்பக்கம் 6, வலப்பக்கம் 4 சக 2, அதாவது 6. தட்டில் செய்வதாக இருந்தால் ஏற்றத்துக்கென்று ஒரு நிரலை ஒதுக்குங்கள். சய ஏற்றத்துக்கு வேறு பொருள் வையுங்கள்; ஒரு குழிக்குள் சகவும் சயவும் சேர்ந்து வந்தால் சோடியாக எடுத்துவிடலாம்.

இனிச் செம்பு. நைத்திரேற்றைக் கூட்டமாக எண்ணுவது அது உடையாத தாக்கத்துக்கு மட்டும் பொருந்தும். இங்கே நைத்திரிக்கமிலம் இரண்டு வேலை செய்கிறது. ஒரு பகுதி உடைந்து நைத்திரிக்கொட்சைட்டாகிறது. மறு பகுதி உடையாமல் செம்போடு போய் உப்பாகிறது. இரண்டையும் தனித்தனியே கணக்கெடுக்க வேண்டும்.

ஒட்சியேற்ற எண்ணைப் பாருங்கள். செம்பு 0 இலிருந்து சக 2 ஆகிறது, இலத்திரன் 2 இழக்கிறது. நைதரசன் சக 5 இலிருந்து சக 2 ஆகிறது, இலத்திரன் 3 ஏற்கிறது. இழந்ததும் ஏற்றதும் சமமாக வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது மடங்குகளுட் சிறியது 6. ஆகவே 3 செம்பு, 2 நைத்திரிக்கொட்சைட்டு.
3 செம்பு 3 செம்பு நைத்திரேற்றாகிறது. அதில் உடையாத நைத்திரேற்று 6.
ஆக மொத்த நைத்திரிக்கமிலம் உடைந்த 2 சக உடையாத 6, மொத்தம் 8. இந்த 6ஐச் சேர்க்க மறப்பதுதான் இந்தச் சமன்பாட்டில் வழமையான பிழை.
ஐதரசன் 8, ஆகவே 4 நீர்.
ஒட்சிசன் சரிபார்க்க: இடப்பக்கம் 8 தடவை 3, 24. வலப்பக்கம் உப்பில் 18, நைத்திரிக்கொட்சைட்டில் 2, நீரில் 4, மொத்தம் 24.
குணகங்கள் 3, 8, 3, 2, 4.

அமிலம் செறிவாக இருந்தால் முதன்மையாக வருவது கபில நிற நைதரசனீரொட்சைட்டு. நைதரசன் சக 5 இலிருந்து சக 4, இலத்திரன் 1 மட்டும். அதே வழியில் போனால் 1 செம்பு, 4 அமிலம், 1 உப்பு, 2 நைதரசனீரொட்சைட்டு, 2 நீர். இரண்டு சமன்பாடும் சமமானவை. எது பொருந்தும் என்று சொல்வது அமிலத்தின் செறிவு. வினாவில் ஐதான, செறிந்த என்ற சொல்லைக் குரல்வாசிப்பில் தவறவிடாமல் கேட்கச் சொல்லுங்கள்.

உயர்தரத்தில் போகப் போக வரும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அவளுடைய கேள்விக்கு நேரான பதில் அதுதான். அமில ஊடகத்தில் பரமங்கனேற்று அயனும் ஐதரசன் பரவொட்சைட்டும். விளைவுகள் சக 2 மங்கனீசு அயன், நீர், ஒட்சிசன் வாயு. இரண்டு விடை பாருங்கள்.

ஒன்று: 2 பரமங்கனேற்று, 6 ஐதரசன் அயன், 5 பரவொட்சைட்டு. தருவது 2 மங்கனீசு அயன், 8 நீர், 5 ஒட்சிசன்.
மற்றது: 2 பரமங்கனேற்று, 6 ஐதரசன் அயன், 1 பரவொட்சைட்டு. தருவது 2 மங்கனீசு அயன், 4 நீர், 3 ஒட்சிசன்.

முதலாவதில் ஒட்சிசன் இரு பக்கமும் 18, ஐதரசன் 16. இரண்டாவதில் ஒட்சிசன் 10, ஐதரசன் 8. ஏற்றம் இரண்டிலும் இரு பக்கமும் சக 4. இரண்டும் எல்லாச் சோதனையிலும் தேறும். ஆனால் சரி முதலாவது மட்டுமே. வெளிவரும் ஒட்சிசன் வாயு மூலக்கூறின் இரண்டு அணுவும் ஒரே பரவொட்சைட்டு மூலக்கூறிலிருந்து சேர்ந்தபடியே வருகின்றன, இடையிலுள்ள பிணைப்பு உடைவதில்லை. ஆகவே வாயுவின் குணகமும் பரவொட்சைட்டின் குணகமும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். இரண்டாவதில் 1 போய் 3 வருகிறது; மிச்ச 2 மூலக்கூறையும் பரமங்கனேற்றின் சொந்த ஒட்சிசன் தந்ததாக அது சொல்கிறது. அப்படி நடப்பதில்லை. நியமிப்பில் இந்த 2க்கு 5 விகிதத்தை வைத்துத்தான் செறிவு கணிக்கிறோம். 2க்கு 1 என்று எடுத்தால் பரவொட்சைட்டின் செறிவு ஐந்திலொரு பங்காக வரும்.

இத்தனை பொருந்தும் விடை வருவதற்குக் காரணம், பரவொட்சைட்டு தானாகவும் பிரிகையடையக்கூடியது: 2 பரவொட்சைட்டு 2 நீரும் 1 ஒட்சிசனும் தரும். அதை எத்தனை மடங்கு கூட்டினாலும் கழித்தாலும் சமநிலை குலையாது. ஆகவே இத்தகைய தாக்கத்தில் அணு எண்ணிப் பார்த்துச் சமப்படுத்துவதை விட்டுவிட்டு அரை அயன் சமன்பாடு, அதாவது இலத்திரன் ஏற்பதற்கு ஒன்றும் இழப்பதற்கு ஒன்றுமாக, எழுதச் சொல்லுங்கள். மங்கனீசு சக 7 இலிருந்து சக 2, இலத்திரன் 5 ஏற்கிறது. பரவொட்சைட்டில் ஒட்சிசன் சய 1 இலிருந்து 0, மூலக்கூறுக்கு 2 இழக்கிறது. பொது மடங்கு 10. அங்கேயே 2க்கு 5 வந்துவிடும், வேறு விடைக்கு இடமில்லை.

அரை அயன் சமன்பாட்டில் கார ஊடகம் வந்தால் பிள்ளைகள் ஐதரசன் அயனை எழுதிவிடுவார்கள். அமிலத்தில் செய்வது போலவே முதலில் செய்து, பிறகு எத்தனை ஐதரசன் அயன் இருக்கிறதோ அத்தனை ஐதரொட்சைட்டு அயனை இரு பக்கமும் சேர்த்து, சேர்ந்தவற்றை நீராக்கி, இரு பக்கமும் பொதுவாக உள்ள நீரைக் கழிக்க வேண்டும். பரமங்கனேற்று மங்கனீசீரொட்சைட்டாகும்போது முடிவு இப்படி வரும்: 1 பரமங்கனேற்று, 2 நீர், 3 இலத்திரன். தருவது 1 மங்கனீசீரொட்சைட்டு, 4 ஐதரொட்சைட்டு. ஏற்றம் இரு பக்கமும் சய 4.


புல்மோட்டைக் கருமணல் எழுதியது:

பார்த்துச் சமப்படுத்துவது கைகொடுக்காத, ஆனால் விடை ஒன்றுதான் என்று தெரிந்த நீளச் சமன்பாடுகளுக்கு எழுத்துக் கணக்குப் போடலாம். காது கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளவும் இது இலகு. நம் மாவட்டத்துப் பொருளிலேயே சொல்கிறேன்.

புல்மோட்டைக் கரையோர மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் எல்லாம் உண்டு. இல்மனைற்று என்பது இரும்பு 1, தைத்தேனியம் 1, ஒட்சிசன் 3. அதைக் கற்கரியோடு சூடாக்கிக் குளோரினைச் செலுத்தினால் இரும்பு குளோரைட்டு (இரும்பு 1, குளோரின் 3), தைத்தேனியம் குளோரைட்டு (தைத்தேனியம் 1, குளோரின் 4), காபனோரொட்சைட்டு ஆகியன வரும் என்று எடுப்போம்.

குணகங்களுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று பெயர் வையுங்கள். அ இல்மனைற்று, ஆ குளோரின், இ காபன், ஈ இரும்பு குளோரைட்டு, உ தைத்தேனியம் குளோரைட்டு, ஊ காபனோரொட்சைட்டு.
ஒன்றை 1 என்று நீங்களே தீர்மானிக்கலாம். அதிக மூலகம் உள்ள பொருளை எடுங்கள்: அ சமன் 1.
இரும்பு சொல்வது: ஈ சமன் 1.
தைத்தேனியம் சொல்வது: உ சமன் 1.
ஒட்சிசன் சொல்வது: ஊ சமன் 3.
காபன் சொல்வது: இ சமன் ஊ, ஆகவே 3.
குளோரின் சொல்வது: 2 ஆ சமன் 3 சக 4, அதாவது 7. ஆகவே ஆ சமன் மூன்றரை.
அரை வந்ததால் எல்லாம் இரட்டிப்பு: 2, 7, 6, 2, 2, 6.

குளோரினைச் சரிபாருங்கள்: இடப்பக்கம் 14, வலப்பக்கம் 6 சக 8. ஒட்சிசன் 6க்கு 6.

இந்த முறையில் ஒரு நன்மை: எல்லா மூலகமும் கேட்ட பிறகும் ஓர் எழுத்து பெறுமானம் கிடைக்காமல் மிஞ்சினால், அணு எண்ணிக்கை மட்டும் போதாது என்று அதுவே சொல்லிவிடும். அளவி காட்டிய பரவொட்சைட்டில் ஏற்றத்துக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள், அப்போதும் ஓர் எழுத்து மிஞ்சும். முரண்பாடு வந்தால், 5 சமன் 6 என்பது போல, சூத்திரத்தில் பிழை. ரீச்சர் சொன்ன அலுமினியம் அப்படிப்பட்டது.


நிலாவெளி வாசகி எழுதியது:

செம்பு இப்போது விளங்கிவிட்டது, ஆறும் இரண்டும் எட்டு என்று அவளே சொன்னாள். மூதூர்த் தம்பிக்குச் சொன்ன நீராவித் தாக்கத்தையும் தட்டில் செய்தாள். இரும்பு 6, நீர் 8, ஒட்சைட்டு 2, ஐதரசன் 8 என்று வைத்திருக்கிறாள். நிரல்கள் எல்லாம் ஒன்றாகவே காலியாகின்றன. சரிதானே?


கிண்ணியாப் பாலம் எழுதியது:

அணுக் கணக்குச் சரி. ஆனால் நான்கு எண்ணும் இரண்டால் வகுபடுகின்றன. ஒட்சைட்டுப் பையில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றவற்றிலும் பாதியை எடுத்துவிட்டுத் திரும்பக் கைகளை வைத்துப் பார்க்கட்டும்: 3, 4, 1, 4.

தட்டில் இது தெரியவராது, ஏனென்றால் இரட்டித்தாலும் குழிகள் ஒன்றாகத்தான் காலியாகும். அவிழ்த்த பைகளை எண்ணியபின் நான்கு எண்ணுக்கும் பொதுக் காரணி உண்டா என்று கடைசியில் ஒருக்காக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.


நிலாவெளி வாசகி எழுதியது:

3, 4, 1, 4. காலியாகிறது. அடுத்ததாகப் பரவொட்சைட்டுக்குப் பை கட்டுகிறாள். ஏற்றத்துக்குச் சகவுக்கு மஞ்சாடி, சயவுக்கு நெல் எடுத்து வைத்திருக்கிறாள்.


அளவி எழுதியது:

நல்லது. பரமங்கனேற்றுப் பைக்குள் மங்கனீசு 1, ஒட்சிசன் 4 உடன் ஒரு நெல்லும் போடச் சொல்லுங்கள். ஐதரசன் அயன் பைக்குள் ஒரு மஞ்சாடி, மங்கனீசு அயன் பைக்குள் இரண்டு. 2 பரமங்கனேற்றும் 5 பரவொட்சைட்டும் முதலில் அவிழ்த்து வைத்துவிட்டு, கீழே 2 மங்கனீசு அயனும் 5 ஒட்சிசனும் வைத்துத் தொடங்கட்டும். மிச்சம் இருப்பது நீரும் ஐதரசன் அயனும் மட்டும். ஒட்சிசன் நிரல் 8 நீர் கேட்கும், ஐதரசன் நிரல் 6 அயன் கேட்கும். மேல் வரிசையில் நெல் 2, மஞ்சாடி 6 இருக்கும். சோடி சேர்த்து எடுத்தால் மஞ்சாடி 4 மிஞ்சும். கீழ் வரிசையிலும் 4 இருக்க வேண்டும்.